இருட்டிக்கொண்டே போன காலை

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியைத் தாண்டித்தான் நான் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். அன்றிலிருந்து எட்டு வயது வரை நான் எந்த இடத்துக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்ததில்லை. பல் விளக்கப் போனால் குழாயில் சொட்டும் தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு காலில் சாக்ஸைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைக் கையில் பிடித்தபடி, அது பாம்புச் சட்டை மாதிரி இருக்கிறதா, யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கிறதா என்று யோசிப்பேன். பள்ளியில் பிரேயர் தொடங்கியதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். தாமதமாக வந்தவர்கள் வெளியே வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசைக்கும் நான்தான் கடைசியாக வந்து சேர்வேன்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்களுடையது பழைய வீடு. சமஸ்தானத்து உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்த ஏதோ ஒரு முப்பாட்டன் கட்டியது. கீழே அப்பா, அம்மா, நான். மாடியில் பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வைட்ஃபீல்டில் வேலை. இருவரும் ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்புவார்கள். எப்போது திரும்புவார்கள் என்பதைச் சாலைதான் தீர்மானிக்கும். ஆகவே பள்ளி விட்டதும் நான் மாடிக்குப் போய்விடுவேன். அவர்கள் வர நேரமாகும் நாட்களில் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, காலையில் அங்கிருந்தே பெரியப்பாவோடு பள்ளிக்குக் கிளம்புவதும் உண்டு. என் யூனிஃபார்மில் ஒரு ஜோடி எப்போதும் பெரியம்மாவின் பீரோவில் இருக்கும்.

அந்த வருடம் அப்பாவின் அலுவலகத்தில் நேரத்தை நிர்வகிப்பது எப்படி என்று எல்லோருக்கும் ஒரு வகுப்பு எடுத்தார்கள். வகுப்பு முடிந்து வந்த அப்பா, கற்றுக்கொண்டதையெல்லாம் முதலில் என் மேல் பிரயோகித்துப் பார்த்தார். ஃபிரிட்ஜ் கதவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று தாள்கள் ஒட்டப்பட்டன. சிவப்பில் இருப்பவை அவசரமான வேலைகள். என்னைப் பற்றிய எல்லாமே சிவப்பில் இருந்தன. தக்காளி வடிவத்தில் ஒரு டைமர் வாங்கி வந்து, நான் குளிக்கப் போகும்போது அதை முறுக்கி வைப்பார். அது அலறும்போது நான் இன்னும் சோப்பு நுரையில் மலை கட்டிக்கொண்டிருப்பேன். "போன நேரம் திரும்பி வராது" என்று தினமும் சொல்வார். பெரும்பாலும் கார் சாவியைத் தேடிக்கொண்டே சொல்வார்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் நேரம் என்றால் அது பெரியப்பாதான். மாநில அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் முகூர்த்த நேரத்தைக் காக்கும் பொறுப்பை அவரிடம் விட்டுவிடுவார்கள். கடிகாரம் கட்டிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மணமேடை ஓரத்தில் நிற்பார். சாஸ்திரிகளே அவரைப் பார்த்து மந்திரத்தின் வேகத்தைக் கூட்டுவார். சென்னைக்கு ரயில் ஏற வேண்டுமென்றால், அந்த ரயிலுக்கு முந்தைய ரயில் பிளாட்பாரத்தை விட்டுப் போவதையும் நின்று பார்ப்பார். "உங்க பெரியப்பாவைப் பார்த்துக் கத்துக்கோ" என்பது ஃபிரிட்ஜில் ஒட்டாத நான்காவது தாள்.

ஆடி மாதம். பெங்களூரில் அந்த நாட்களில் வெயிலும் இருக்காது, பெரிய மழையும் இருக்காது. வானம் ஈரத் துணி மாதிரி நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு நாள் பள்ளியில் என் டைரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: மறுபடி தாமதமாக வந்தால் பிரின்ஸிபாலைப் பார்க்க வேண்டும். அவருடைய அறைக்குள் போய்த் திரும்பிய யாரையும் எனக்குத் தெரியாது.

மாடிக்கு வந்தபோது பெரியப்பா வீட்டில் இருந்தார். ஜலதோஷம் என்று லீவு போட்டிருந்தார். பெரியப்பா லீவு போட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாத்திரை விழுங்கிவிட்டு கட்டிலில் படுத்திருந்தார். நான் உடை மாற்றிக்கொண்டு ஹாலில் சோபாவில் சுருண்டேன். "காய் வாங்கிட்டு அப்படியே கோயிலுக்கும் போயிட்டு வந்துடறேன், ரெண்டு பேரும் தூங்குங்க" என்று பெரியம்மா சொன்னதும், வெளிக்கதவு சாத்தப்பட்டதும் பாதித் தூக்கத்தில் கேட்டன.

விழித்தபோது ஜன்னலில் ஒரு சாம்பல் வெளிச்சம் இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத வெளிச்சம். வெளியே மரத்தில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. பெரியப்பா கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. கழுத்தில் அலுவலக அடையாள அட்டை.

"எழுந்திரு பாப்பா, மணி ஆறாச்சு. இன்னைக்கும் கேட்டுக்கு வெளியில நிக்கப் போறியா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறுதான். ராத்திரி சாப்பிட்டேனா என்று யோசித்தேன். நினைவில்லை. ஆனால் பசித்தது. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதோடு பிரின்ஸிபாலின் அறையும். துள்ளி எழுந்தேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் முடுக்காமல், நானே எல்லாவற்றையும் செய்தேன். பல் விளக்கினேன். நுரையில் மலை கட்டாமல் குளித்தேன். பீரோவைத் திறந்து யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பின்னத் தெரியாததால் தலையில் ஹேர்பேண்டை மாட்டினேன். இரண்டு சாக்ஸும் அடுத்தடுத்துக் காலில் ஏறின. இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா ஒரு தக்காளி அலற வேண்டும்?

சமையலறையில் பெரியப்பா இரண்டு சாப்பாட்டு டப்பாக்களின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா எங்க?"

"கோயிலுக்குப் போயிருப்பா. டப்பா நானே கட்டிட்டேன். பால் வரலை, அதனால காபியும் இல்லை, உனக்குப் பாலும் இல்லை. பால்காரன்கூட லேட்டு பண்ண ஆரம்பிச்சுட்டான்."

கேட்டில் பால் பாக்கெட்டுக்காகத் தொங்கும் பை காலியாகத்தான் இருந்தது. கீழே எங்கள் வீடு பூட்டியிருந்தது.

"அம்மா, அப்பா?"

"கார் இல்லையே. ஏதாவது மீட்டிங் இருக்கும், அப்பவே கிளம்பியிருப்பாங்க. வா வா, பேக பேக நட. இன்னைக்கு நீதான் ஸ்கூல்ல முதல் ஆள்."

சீக்கிரம் என்பதற்கு எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தக் கன்னட வார்த்தையைத்தான் சொல்வோம். பெரியப்பா சொன்னால் கால் தானாக ஓடும். அப்போதுதான் அவர் பாதங்களைப் பார்த்தேன். ஷூவுக்குப் பதிலாக, குளியலறை வாசலில் கிடக்கும் நீல ரப்பர் செருப்பைப் போட்டிருந்தார். பெரியவர்களிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

தெருவில் கால் வைத்ததிலிருந்து ஏதோ சரியில்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. தெருமுனை இஸ்திரிக்காரர் வழக்கமாக எங்களைப் பார்க்கும்போது பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருப்பார். அன்று தண்ணீர் தெளித்து அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், இஷ்டொத்தல்லி ஹொரட்ரா?" இந்த நேரத்திலா கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார்.

"ஹௌது, லேட் ஆய்து" என்று பெரியப்பா நிற்காமல் நடந்தார். ஆமாம், நேரமாகிவிட்டதாம். இஸ்திரிக்காரர் என் யூனிஃபார்மைப் பார்த்தபடி நின்றார். அணைந்த கரியிலிருந்து நீராவி அவர் முகத்தில் ஏறியது.

அடுத்த தெருவில் மிளகாய் பஜ்ஜி வாசனை வந்தது. காலையில் யார் பஜ்ஜி போடுகிறார்கள் என்று நினைத்தேன். தினமும் காலையில் ஜனங்கள் எங்களோடு ஒரே பக்கமாக, மெயின் ரோட்டை நோக்கி நடப்பார்கள். அன்று எல்லோரும் எதிரே வந்தார்கள். பை தொங்கிய தோள்கள், வாடிப்போன முகங்கள். எங்கள் இருவரைத் தவிர அந்தப் பக்கம் போவார் யாருமில்லை. தண்ணீரில் எதிர்நீச்சல் போடுவதுபோல இருந்தது.

பிறகு தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. ஒன்று, அதற்கப்புறம் அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று எங்களுக்கு முன்னால் ஓடிப் போய் எரிந்தன. காலையில் விளக்குகள் அணைவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

"பெரியப்பா, ஏன் இருட்டாயிட்டே போகுது?"

"மோடம் போட்டிருக்கு. மழை வரும்."

அவர் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆனால் ஒவ்வொரு மரத்தடியைக் கடக்கும்போதும் முந்தைய மரத்தடியைவிட அது கருப்பாக இருந்தது. மரங்களுக்குள் காக்கைகளின் சத்தம் குறைந்து, ஒரு இடத்தில் சட்டென்று நின்றுபோயிற்று.

பள்ளி கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே மைதானம் தெரிந்தது, வகுப்பறைகள் தெரியவில்லை. பெரியப்பாவுக்கு ஒரே பெருமை.

"பார்த்தியா? நாமதான் முதல்ல. வாட்ச்மேனே இன்னும் வரலை."

நானும் பெருமைப்பட முயன்றேன். கேட்டுக்கு வெளியே நான் பலமுறை நின்றிருக்கிறேன். சீக்கிரம் வந்ததற்காக நிற்பது அதுதான் முதல் தடவை. கேட்டுக் கம்பிகள் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் மைதானமும் தெரியவில்லை. கொடிக்கம்பம் மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

எங்கோ கோயில் மணி அடித்தது. காலையிலும் அடிக்கும் மணிதான் அது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இருட்டைக் கண்ட பயம் அல்ல, இருட்டு எனக்குப் பழக்கம். விடிய வேண்டிய வானம் விடியாமல் உள்ளே போய்க்கொண்டிருந்ததுதான் பயம். சூரியனும் இன்றைக்கு லேட் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு அப்பா சொல்லும் வாக்கியம் ஞாபகம் வந்தது. போன நேரம் திரும்பி வராது. நான் குழாயடியிலும் சாக்ஸிலும் சோப்பு நுரையிலும் தொலைத்த நேரமெல்லாம் சேர்ந்து இப்போது ஒரு முழுப் பகலாகிவிட்டது, அது திரும்பி வராது, இனிமேல் எனக்குக் காலை கிடையாது என்று நம்பினேன். எட்டு வயதில் அது மிகச் சரியான கணக்காகத் தோன்றியது. பாவம், என் கையைப் பிடித்த தோஷத்துக்கு பெரியப்பாவும் மாட்டிக்கொண்டார்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைத் தெருவிளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கல்யாண மேடையில் நிற்கும்போது இருக்கும் முகம் இல்லை அது. கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட குழந்தைகளுக்கு, அழுவதற்கு முன்னால் ஒரு முகம் வருமே, அந்த முகம். என் கையை அவர் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே வந்தது. விரல்கள் வலித்தன.

குனிந்து, யாருக்கும் கேட்கக் கூடாததுபோல மெல்லக் கேட்டார்.

"பாப்பா, இப்ப காலையா, சாயங்காலமா?"

"தெரியலையே பெரியப்பா" என்றேன்.

இரண்டு பேரும் கேட்டின் பக்கம் முதுகை ஒட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றோம். இரும்பு சில்லென்றிருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவரும் அன்று என்னைப் போலவே நின்றுகொண்டிருந்தார்.

ஒரு ஸ்கூட்டர் எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தியும் அவள் அம்மாவும். பாட்டு வகுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அந்த அம்மா பதறினார்.

"என்ன அங்கிள், ஸ்கூல்ல இப்ப ஏதாவது ப்ரோக்ராமா? யூனிஃபார்ம்ல வரச் சொன்னாங்களா? எனக்கு மெசேஜே வரலையே!"

என் தோழி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏய், ஸ்கூல்தான் அப்பவே விட்டாச்சே" என்று சிரித்தாள்.

பெரியப்பா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கணம் சிரித்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி, நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில்.

"ஏமாந்தியா! நல்லா ஏமாந்தியா!" என்று என் தலையில் தட்டினார். "தினம் லேட்டாப் போறாளேம்மா. அதான் சாயங்காலமே எழுப்பி, காலையாச்சுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன். ஒரு பாடமா இருக்கட்டும்னு."

அந்த அம்மாவும் சிரித்தார். தோழி சிரித்த சிரிப்பு அடுத்த நாள் வகுப்பு முழுக்கப் பரவப்போகிறது என்பது எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். என் கையைப் பிடித்திருந்த அவர் பிடி மட்டும் தளரவேயில்லை. சிரிப்பில் விட மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வேகமாக நடந்தார். எங்கள் தெருவைத் தாண்டியும் நடந்தார். நான் கையை இழுத்தேன்.

"பெரியப்பா, நம்ம வீடு இந்தப் பக்கம்."

நின்றார். எங்கள் தெருவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தெரியும், தெரியும். நீ கவனிக்கறியான்னு பார்த்தேன்."

பெரியம்மா கேட்டருகே நின்றிருந்தாள். காய்கறிப் பை அவள் காலடியில் சாய்ந்து கிடந்தது. எங்களைக் கண்டதும் ஓடி வந்து முதலில் பெரியப்பாவின் தோளைத்தான் தொட்டாள், பிறகுதான் என்னை.

"எங்க போனீங்க? ஃபோன்கூட எடுத்துக்கல."

அன்று அதிசயமாக அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் வந்துவிட்டார்கள். பெரியப்பா ஹாலின் நடுவில் நின்று கதையைச் சொன்னார். நான் துள்ளி எழுந்ததையும், அவசர அவசரமாகக் குளித்ததையும், தான் பால்காரனைத் திட்டியதையும் நடித்துக் காட்டினார். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என் ஆபீஸ்ல எடுத்த கிளாஸைவிட இது நல்ல கிளாஸ்!" என்றார். அம்மாவுக்குத்தான் கோபம். "குழந்தை பயந்து போயிருக்கா பாருங்க" என்று என்னை மடியில் இழுத்துக்கொண்டாள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. அவள் பெரியப்பாவின் நீலச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் நானும் பின்னால் போனேன். அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே வேகாத அரிசி. அதன் மேல் தயிர் ஊற்றி, ஓரத்தில் ஊறுகாய் வைத்து, மிகவும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் அதேதான். குழாயை முழுவதும் திறந்துவிட்டு, இரண்டையும் கழுவத் தொடங்கினாள். ஹாலில் சிரிப்பு ஓயும்வரை கழுவினாள்.

என்னை ஏமாற்ற இவ்வளவு பாடுபட்டிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பல நாட்கள் அவரோடு பேசவில்லை. என்னைச் சமாதானப்படுத்த அவரும் முயலவில்லை. கோபத்தோடு மாடிக்கு வந்து போகும் என்னை, அந்தக் கோபம் அப்படியே இருந்தால் நல்லது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரியப்பாவைப் பிடித்திருந்த மறதி நோயின் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது வெகுகாலம் கழித்து, நான் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதுதான். அதற்குள் அந்த மாலை எங்கள் குடும்பத்தின் பிரியமான நகைச்சுவையாகிவிட்டிருந்தது. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் யாராவது ஆரம்பிப்பார்கள். பெரியப்பாவும் சேர்ந்து சிரிப்பார். டாக்டர் சொன்ன பிறகு யாரும் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

ஆனால் அந்த ஆடி மாதத்தில் எங்களுக்கு என்ன தெரியும்? என் கோபம் தணிந்ததும் பெரியப்பா ஒரு விளையாட்டைத் தொடங்கினார். காலையில் நான் யூனிஃபார்மில் மாடி ஏறி வரும்போது, சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்பார்.

"இன்னைக்கு என்ன கிழமை? சொல்லு பார்ப்போம்."

சாயங்காலம் பையை இறக்கி வைக்கும்போது, "இப்ப என்ன வேளை? மணி என்ன?" என்பார். சில நாட்களில் மாதமும் கேட்பார். அன்று கேட்டருகே 'தெரியலையே' என்று சொன்னதற்காகத்தான் என்னைச் சோதிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மறுபடி அவரிடம் தோற்கக் கூடாது என்று வீம்பு பிடித்தது. எழுந்ததும் முதல் வேலையாகக் கிழமையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மாடிப்படி ஏறுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வேன். கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் வந்ததும் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்தது. பள்ளி கேட்டுக்கு வெளியே நிற்பது நின்றுபோயிற்று. அந்த வருடக் கடைசியில் எனக்கு நேரந்தவறாமைக்கு ஒரு பேட்ஜ்கூடக் கொடுத்தார்கள். அப்பா அதைத் தன் அலுவலக நண்பர்களுக்கெல்லாம் படம் எடுத்து அனுப்பினார்.

பெரியப்பா கேட்பார். நான் விறைப்பாக நின்று, "வியாழக்கிழமை, சாயங்காலம்" என்பேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "கரெக்ட்" என்று தலையாட்டுவார். அவர் தோள்கள் மெல்லத் தளரும். விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார் என்று நான் அப்போது நினைத்தேன்.